மஞ்சள் தொட்டி

“வண்டி கரையில நிக்குது பாப்பா. குஞ்சுகளைக் குளத்துல விடட்டுமா, திருப்பி அனுப்பட்டுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லு!”

அண்ணன் போட்ட சத்தத்தில் மீன் டாக்டர் போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தாள்.

“பத்தே நிமிஷம் பொறுங்கண்ணே. இன்னும் கவரைப் பிரிக்கல.”

“எனக்குப் பொறுமை போன வருஷமே தீர்ந்துபோச்சு. மருந்தைத் தீனியில கலந்து போட்டாப் பொழைச்சுக்குது, நிறுத்தினா வயிறு வீங்கி மிதக்குது. காலம் பூரா மருந்தையே போட்டு வளர்த்தா அந்த மீனை எவன் வாங்குவான்? இந்தத் தடவையும் மிதந்துச்சுன்னா குளத்தை மண்ணு போட்டு மூடிட்டு எங்கயாவது வாட்ச்மேன் வேலைக்குப் போயிடுவேன், ஆமா!”

சொன்னால் செய்கிற ஆள்தான். அவள் போனை வைக்காமல் அப்படியே மேசைமேல் கிடத்தினாள்.

மீன்களை இப்படி மிதக்கவிடும் கிருமிக்குத் தடுப்பூசி கண்டுபிடிக்கத்தான் ஐந்து வருடமாக மாரடித்துக்கொண்டிருந்தாள். வண்டியில் இருக்கும் குஞ்சுகளுக்கு அதே ஊசியைப் போட்டாகிவிட்டது. ஊசி பலிக்குமா என்பதைச் சொல்ல வேண்டியவை ஆய்வுக்கூடத்தில் இருந்த இரண்டு தொட்டிகள். நீலத் தொட்டியில் நூறு மீன், மஞ்சள் தொட்டியில் நூறு மீன். ஒன்றுக்குத் தடுப்பூசி, மற்றதற்கு வெறும் உப்புத் தண்ணீர் ஊசி. எதற்கு எது என்று, வெளியிலிருந்து வந்து ஊசி போட்டவர் எழுதி உறையில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும் என்பதால் இந்த ஏற்பாடு.

பிறகு இரண்டு தொட்டிக்கும் கிருமியைக் கலந்துவிட்டார்கள். இருபத்தொரு நாளில் நீலத்தில் தொண்ணூற்றொரு மீன் காலி. மஞ்சளில் இரண்டே இரண்டு.

மஞ்சள்தான் தடுப்பூசி என்று அவளுக்கு உள்ளூர ஒரு நம்பிக்கை. ஊசி போட்ட மூன்று நாளும் அந்த மீன்கள் தீனியைத் தொடவில்லை. ஊசி வேலை செய்தால் அப்படித்தான், குழந்தைகளுக்குக் காய்ச்சல் வருவதுபோல. ஆனால் இங்கே யாரும் வாய்விட்டு ஊகிக்கக் கூடாது. அவளும் மூச்சு விடவில்லை.

இயக்குநர் உறையோடு வந்தார். பின்னாலேயே, தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் தொட்டியம்மாவும் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்து நின்றாள்.

“சீக்கிரம் பிரிங்க சார். எனக்குப் படபடன்னு வருது.”

“உங்களுக்கு எதுக்குக்கா படபடப்பு?” என்று சிரித்தாள் டாக்டர்.

“நல்லா கேட்டீங்க! குஞ்சுல இருந்து வளர்த்தவ நானாச்சே. இந்த மஞ்சத் தொட்டிப் பசங்க ஊசி போட்டதுல இருந்து சோர்ந்து கெடந்துச்சுங்க. நாந்தான் தீனியைக் கையாலயே பெசைஞ்சு போட்டுத் தேத்தினேன்.”

“உங்க செல்லம் தெரிஞ்சதுதானே!”

இயக்குநர் மூக்குக் கண்ணாடியைத் தேடினார். அது அவர் நெற்றியிலேயே இருந்தது. ஒரு வழியாக உறையைக் கிழித்துத் தாளைப் பிரித்தார்.

“நீலம், உப்புத் தண்ணீர். மஞ்சள்...” தொண்டையைச் செருமிக்கொண்டார். “தடுப்பூசி.”

சிரித்தே பார்த்திராத மனிதர் சிரித்தார். டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. பாய்ந்துபோய்ப் போனை எடுத்தாள்.

“அண்ணே, விடுங்க! தைரியமா விடுங்க!”

“விட்டுடவா? அப்புறம் பேச்சு மாறக் கூடாது.”

“நான் சொல்றேன்ல, விடுங்க!”

போனில் வண்டியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் சளசளவென்று கொட்டியது. கடைசிக் குஞ்சுவரை குளத்துக்குள் போய்விட்டதென்று அண்ணன் குழந்தை மாதிரிக் கூவினார்.

அவள் திரும்பினாள். தொட்டியம்மா பேயறைந்தவள்போல் நின்றுகொண்டிருந்தாள்.

“என்னக்கா? சந்தோஷமா இல்லையா?”

“மஞ்சளா தடுப்பூசி? சார், சரியாப் பாத்தீங்களா?”

“இதோ எழுதியிருக்கேம்மா” என்று தாளைத் தட்டினார் இயக்குநர்.

“சோர்ந்து கெடந்ததைப் பாத்து, இதுங்கதான் வெறும் தண்ணி ஊசி போட்டதுங்கன்னு நெனச்சுட்டேன். நீங்க கிருமியை ஊத்தினதும் பாவம், எனக்கு மனசு கேக்கல...”

தொட்டியம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

“அட ஆண்டவா! தடுப்பூசி போட்ட மீனுக்கா நான் இருபத்தொரு நாளும் அலமாரியில இருந்த கிருமியைக் கொல்ற மருந்தைத் தீனியில கலந்து போட்டு வீணாக்கினேன்?”