இரைச்சல் வேண்டும்

"வாசிக்க வேண்டாம் சார். ஸ்விட்சைப் போட்டுட்டு சும்மா விட்டுடுங்க, அது போதும்."

ஆர்லோவின் விரல்கள் கிடார் கம்பியிலேயே நின்றுவிட்டன. நாஷ்வில்லில் கிடார் ஒலியைப் பெருக்கும் நல்ல வால்வு ஆம்ப் வேண்டும் என்றால் ஆர்லோ கடைக்குத்தான் வருவார்கள். வந்தவர்கள் காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை அதில் ஒரு பாட்டு, இதில் ஒரு பாட்டு என்று வாசித்து, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டு, கடைக்காரர் உயிரை எடுத்துவிட்டுத்தான் போவார்கள். வாசிக்கவே வேண்டாம் என்ற முதல் ஆள் இந்த நரைத்த தாடிக்காரர்தான்.

"வாயில வைக்காமலே ருசி சொல்லச் சொல்றீங்களே! வாசிக்காம ஆம்ப் எப்படி இருக்குன்னு எப்படி சார் தெரியும்?"

"எனக்கு இல்ல சார். அவங்களுக்கு."

ஜன்னலோரம் ஒரு வயதான பெண்மணி, மடியில் துணிப் பொட்டலம் ஒன்றை வைத்துக்கொண்டு தெருவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"மிஸஸ் பிக்கெட்," என்றார் தாடிக்காரர், குரலைத் தாழ்த்தி. "அவங்க வீட்டுல ஒரு பழைய வால்வு ஆம்ப் இருந்துச்சு. ராத்திரி அதைப் போட்டு வச்சாத்தான் தூங்குவாங்க. போன வாரம் அது புகைஞ்சு போச்சு. அன்னியிலேர்ந்து தூக்கமே இல்ல. கதவைத் திறந்துக்கிட்டு ரோட்டுக்குப் போயிடறாங்க. முந்தாநாள் ஒரு லாரி இடிக்காம நின்னதே பெரிசு. இப்படியே போனா முதியோர் இல்லத்துல விட்டுடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"நீங்கதான் கூட இருந்து பாத்துக்கறீங்களா?"

"ஆமா."

"புண்ணியவான். உங்க பேரு?"

தாடிக்காரர் ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அப்புறம் சொல்றேனே. முதல்ல ஆம்பைப் போடுங்க."

ஆர்லோ ஒன்றைப் போட்டார். "வாசிச்சா இது சர்ச் மணி மாதிரி கணீர்னு இருக்கும்." பக்கத்தில் இருந்ததையும் போட்டார். "இது தேன். கொஞ்சம் கூட்டினா உறுமும் பாருங்க, நெஞ்சுக்குள்ள கேக்கும்." வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் கனிந்தன. இரண்டு பெட்டியிலிருந்தும் ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை. மிஸஸ் பிக்கெட் திரும்பவே இல்லை.

"என்ன சார், ரெண்டும் சத்தமே போட மாட்டேங்குது?"

"அதுதானே சார் நம்ம பெருமையே! வாசிக்காதப்ப ஊசி விழுந்தாக் கேக்கும்."

"எனக்கு இரைச்சல்தான் வேணும் சார்."

அல்வாக் கடையில் வேப்பெண்ணெய் கேட்டதுபோல் ஆர்லோவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

அப்போது மிஸஸ் பிக்கெட், தெருவிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "ஐயா, இருட்டப் போகுது. என் பையனை இன்னும் காணோமே?"

"வந்துடுவான் மேடம்," என்றார் தாடிக்காரர்.

"நேத்தும் இதைத்தான் சொன்னீங்க."

ஆர்லோவுக்குச் சுருக்கென்றது. "பையன் வேற இருக்கானா? பெத்தவளை இப்படி வெளியாள் கையில தள்ளிட்டு எங்கே சுத்தறானாம்?"

"பக்கத்துலதான் இருக்கான்."

"பக்கத்துல இருந்துக்கிட்டேவா? அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும், நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்கறேன்."

தாடிக்காரர் அடுத்த பெட்டியைக் கை காட்டினார். "வேற ஆம்ப் காட்டுங்க சார்," என்றார்.

ஆர்லோ கடையில் இருந்ததையெல்லாம் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு தடவையும் தாடிக்காரர் ஆம்பைப் பார்க்கவில்லை, மிஸஸ் பிக்கெட்டையே பார்த்தார். அவரோ தெருவையே பார்த்தார்.

"மூலையில அது என்ன?"

"அதுவா? ரிப்பேருக்கு வந்தது. கொடுத்தவன் திரும்பி வரவே இல்ல. உள்ள கெப்பாசிட்டர் போயிருக்கு. அதைப் போட்டுக் காட்ட எனக்கே வெக்கமா இருக்கு."

"போடுங்க சார்."

வால்வு சூடேறக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு, தேன்கூட்டின் பக்கத்தில் போய் நின்றதுபோல ஓர் இரைச்சல் மெல்ல எழுந்தது. நடுநடுவே 'டொப்' என்று ஓர் இருமல் வேறு.

மிஸஸ் பிக்கெட் திரும்பினார். எழுந்து நேராக வந்தார். பழக்கப்பட்ட கைகளால் பொட்டலத்தைப் பிரித்து, உள்ளே இருந்த சோள ரொட்டியைச் சூடான ஆம்பின் தலைமேல் வைத்தார்.

"வந்துட்டியாடா வெஸ்லி? எங்கேடா போனே இத்தனை நாளா? ரொட்டியை ஆறாம வச்சிருக்கேன், தின்னு. தின்னுட்டு, கிடார் வாசிச்சது போதும், இந்தச் சனியனை அணைச்சிட்டுப் படு. காலையில பள்ளிக்கூடம் போகணும்!"

வாய் திட்டியது. கண்ணோ நிறைந்துவிட்டது. அந்த முகத்தில் நிம்மதி வந்தது. பழக்க தோஷத்தில் ஸ்விட்சை அணைக்கப் போன ஆர்லோவின் கையைத் தாடிக்காரர் இறுகப் பிடித்துக்கொண்டார்.

மிஸஸ் பிக்கெட் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாடிக்காரரிடம் திரும்பினார். "பையன் வந்துட்டான்யா. எனக்காக நீங்களும் பாவம் கண்ணு முழிச்சிட்டீங்க. வீட்டுக்குப் போங்க. உங்க அம்மா தூங்காம காத்துக்கிட்டு இருப்பாங்க."

"இன்னிக்குத் தூங்கிடுவாங்க மேடம்," என்றார் அவர்.

ஆர்லோ காசு வாங்க மறுத்துவிட்டார். மிஸஸ் பிக்கெட்டைக் காரில் உட்காரவைத்து, ஆம்பைத் தூக்கிப் பின்னால் ஏற்றியும் கொடுத்தார். கோபம் மட்டும் ஆறவில்லை.

"அந்த வெஸ்லிப் பயலைப் பாத்தா எனக்கு ஒரு போன் போடுங்க சார். மறக்காம கேக்க வேண்டியதைக் கேக்கறேன். ஆமா, நீங்க உங்க பேரைச் சொல்லவே இல்லையே?"

தாடிக்காரர் கார் கதவை ஓசைப்படாமல் சாத்தினார். உள்ளே இருப்பவருக்குக் கேட்காத தூரத்துக்கு ஆர்லோவை அழைத்து வந்தார்.

"வெஸ்லி," என்றார்.