புதுத் துவக்குக்கு வந்த கோதாரி

“டிக்.”

அவ்வளவுதான். வெடியும் இல்லை, புகையும் இல்லை.

“அசையாதேயும் செல்வன்! குழல் இலக்குப் பக்கமே இருக்கட்டும். சிலது பிந்தியும் வெடிக்கும்!” எண்டு பின்னாலை நிண்டு றூடி கத்தினார்.

றூடி, லாங்கன்தால் நகரத்துக்குப் பக்கத்துக் கிராமத்துத் துவக்குச் சூட்டுக் கழகத்தின்ரை தலைவர். தவச்செல்வன் எண்டு முழுசாச் சொல்ல நாக்கு வளையாததாலை அவருக்கு எப்பவும் வெறும் செல்வன்தான்.

அந்தக் கழகத்திலை சேர்ந்த முதல் தமிழர் எங்கடை தவச்செல்வன். வாற ஞாயிறு பக்கத்து ஊரோடை போட்டி. அணியிலை ஒரேயொரு இடம் மிச்சம். இண்டைக்குச் சொந்தத் துவக்காலை ஒழுங்காச் சுட்டுக் காட்டினால் அது அவருக்கு. மனிசன் அதுக்கிடையிலை, தான் அணியிலை எண்டு லாங்கன்தால் தமிழாக்கள் எல்லாருக்கும் சொல்லி முடிச்சிட்டார். இடம் கிடைக்காட்டி எந்த முகத்தோடை கடைத்தெருவுக்குப் போறது?

இதுக்காகத்தான் புத்தம் புதுசா ஒரு பிஸ்டல் வாங்கினவர். வீட்டிலை இரும்புப் பெட்டிக்குள்ளை வைச்சுப் பூட்டினார். பெட்டியின்ரை நம்பரைப் பெண்சாதி சிவகலாவுக்கும் சொல்லேல்லை. “துவக்கு விசயத்திலை பெண்சாதி, பிள்ளை எண்டெல்லாம் பாக்கேலாது” எண்டவர்.

அந்தச் சிவகலா இப்ப பின்னாலை கிடந்த வாங்கிலை, காதுக்குப் பெரிய மூடி போட்டுக்கொண்டு, மடியிலை வீட்டிலை பொரிச்ச ஒரு டப்பா ரோல்ஸோடை இருந்தா.

தோட்டாவை மாத்திப் போட்டுப் பாத்தினம். டிக்.

வேறை பெட்டித் தோட்டா. அதுவும் டிக்.

அதே தோட்டாக்களை றூடி தன்ரை பிஸ்டலிலை போட்டுச் சுட்டார். டமார்!

“தோட்டாவிலை பிழையில்லை” எண்டார் றூடி. வெடிக்காத ஒண்டைத் திருப்பிக் காட்டினார். “பாரும், தோட்டாவின்ரை பின்பக்கத்தை ஊசி ஒழுங்கா அடிக்கேல்லை. சும்மா தடவிப்போட்டு வந்திருக்கு.”

“குளிருக்கு இறுகியிருக்குமோ?” எண்டார் தவச்செல்வன்.

“ஜூன் மாசத்திலையோ?”

“புதுப் பொம்பிளையெல்லே, வெக்கப்படுது போல கிடக்கு” எண்டா சிவகலா.

“நீ சும்மா இரப்பா!”

“சரி, கழட்டிப் பாப்பம்” எண்டு றூடி மேசையிலை துணியை விரிச்சார்.

“ஐயோ, கழட்ட வேண்டாம்!” தவச்செல்வனுக்குக் குப்பெண்டு வேர்த்தது. “கடையிலை குடுத்து மாத்துவம்.”

“கடையிலை குடுத்தால் ஞாயிறு போட்டிக்கு வராது. பிறகு உம்மடை இடத்தை வேறை ஆளுக்குத்தான் குடுக்கவேணும்.”

தவச்செல்வன் பிஸ்டலை மெல்ல மேசையிலை வைச்சார்.

றூடி பிஸ்டலைப் பிரிச்சு, ஊசியை மெல்ல வெளியிலை எடுத்தார். ஊசியைச் சுத்தி மஞ்சளா ஏதோ காய்ஞ்சு போய் ஒட்டியிருந்தது.

“இதென்ன, கடுகுச் சாந்தோ? சொசேஜ் திண்ட கையாலை பிடிச்சனீரோ?”

மூக்குக்குக் கிட்டப் பிடிச்சார். “இல்லையே, நல்ல வாசமாயெல்லோ இருக்கு!”

பக்கத்திலை சுட்டுக்கொண்டு நிண்ட ஆக்களும் வந்து, ஊசியை மாறி மாறி வாங்கி மணந்து பாத்தினம்.

“சந்தனம்! என்ரை மனிசியின்ரை வேலை!” ஒருத்தரும் கேக்க முதலே தவச்செல்வன் ஜேர்மன் பாஷையிலை பொழிஞ்சு தள்ளினார். “புதுச் சாமான் எது வந்தாலும் பொட்டு வைக்காட்டி இவளுக்கு நித்திரை வராது. கார் வாங்கினால் சில்லுக்குக் கீழை தேசிக்காய். வொஷிங் மெஷினுக்குத் திருநீறு. நான் மூடநம்பிக்கைக்கு எதிரா மேடையேறிப் பேசுற ஆள் றூடி. என்ரை வீட்டுக்கையே எனக்கு இந்தக் கதி!”

எல்லாரும் திரும்பிச் சிவகலாவைப் பாத்தினம்.

அவ காது மூடியைக் கழட்டினா. புருசன்ரை முகத்தை ஒருக்கா வடிவாப் பாத்தா. பிறகு ஒரு பெருமூச்சு விட்டா.

“ஓம் றூடி, நான்தான். குறை நினைக்காதேங்கோ. ரோல்ஸ் எடுங்கோ.”

பாவம் மனிசி. பகுத்தறிவாளரைக் கட்டினால் இதுகளையும் தாங்கத்தானே வேணும்.

றூடி ஊசியைக் கழுவித் துடைச்சு, பிஸ்டலைத் திரும்பப் பூட்டிக் குடுத்தார்.

டமார்! டமார்! டமார்!

எல்லாம் நடு வட்டத்துக்கை. கழகம் முழுக்கக் கைதட்டிச்சுது. அணியிலை இடம் உறுதி.

தவச்செல்வனுக்குத் தலைகால் தெரியேல்லை. “பாத்தியே சிவகலா? சந்தனத்தைத் துடைச்சவுடனை எப்பிடிச் சுடுது! இனிமேலெண்டாலும் இந்த விசர் வேலையளை விடு.”

சிவகலா ரோல்ஸைக் கடிச்சா.

றூடி மட்டும் அந்த இலக்குத் தாளைப் பாத்துப் பாத்துத் தலையைச் சொறிஞ்சார். போன மாசம் கழகத்தின்ரை துவக்காலை சுடேக்கை, இதே செல்வன் பக்கத்து ஆளின்ரை இலக்குக்கெல்லோ சுட்டவர்!

கொஞ்ச நேரத்தாலை, தன்ரை பிஸ்டலிலை இருந்த தோட்டாவையெல்லாம் கழட்டிப்போட்டு, அதை ஒரு துணியிலை ஏந்திக்கொண்டு மெல்லச் சிவகலாவுக்குப் பக்கத்திலை வந்தார்.

“போட்டிக்கு முதல் இதுக்கும் அந்த மஞ்சள் சாந்திலை ஒரு சொட்டு வைச்சு விடுறீங்களோ? ஊசியிலை படாமல், வெளியிலை மட்டும்.”

“அதுக்கென்ன, சந்தோசமா” எண்டு ஜேர்மன் பாஷையிலை சொன்னா சிவகலா. பிறகு அந்தச் சிரிப்பு மாறாமல் புருசன் பக்கம் திரும்பி, றூடிக்கு விளங்காத தமிழிலை சொன்னா:

“இஞ்சாருங்கோ, நம்பர் தெரியாத பெட்டிக்குள்ளை என்ரை கை போகுமே? இந்த மனிசனுக்கும் நீங்களே வைச்சு விடுங்கோ. அலுவல் முடிஞ்சாப் பிறகு, ஜாக்கெற் பொக்கற்றுக்கை ஒளிச்சு வைச்சிருக்கிற சந்தன டப்பியைச் சாமித்தட்டிலை திருப்பி வையுங்கோ. ஒரு கிழமையா நானும் தேடுறன்.”