பிரேக் பிடித்த கை

பின்னாலிருந்து நீண்ட இரண்டு கைகள் அவள் கைகளின் மேலேயே இருந்தன.

ஸ்கூட்டர் போய்க்கொண்டிருந்தது.

அவள்தான் ஓட்டினாள். ஒன்பது நாளாக அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு மாலை. விமானப்படை முகாமின் பழைய ஓடுபாதை. இப்போது அதில் விமானம் எதுவும் இறங்குவதில்லை.

பின்னால் உட்கார்ந்திருந்தவன் அவள் கணவன். இருபத்திரண்டு வருடமாக விமானி. கடைசி ஆறு வருடம், புதிதாய் வரும் பையன்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்கிறவன். அவர்கள் செய்யும் கூத்தையெல்லாம் வீட்டில் நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பான்.

நாளைக் காலை அவனுக்கு ரயில். மாற்றலாகிப் போகும் இடம் பனிமலை. குடும்பத்துக்கு அங்கே இடம் கிடையாது.

மகள் நறுமுகை பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் பதினோரு கிலோமீட்டர். பஸ் இல்லை. அம்மா வண்டி ஓட்டினால் இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு விருதுநகரில் மாமா வீட்டுக்கு. இதுவே ஏழாவது பள்ளிக்கூடம், எட்டாவதற்கு வரவே மாட்டேன் என்று மத்தியானம் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

இன்று ஓட்டியே ஆக வேண்டும்.

ஓடுபாதையின் முனை வந்தது. பிரேக்கைத் தொட விரலை நீட்டினாள்.

அதற்குள் வேகம் குறைந்திருந்தது.

திரும்பினாள். மறுமுனைக்கு வந்தபோது வேண்டுமென்றே விரலை நீட்டாமல் இருந்தாள்.

வண்டி சமர்த்தாக நின்றது.

அவளுக்குச் சுருக்கென்றது.

“ஒம்பது நாளா பிரேக் புடிச்சது நானா, நீங்களா?”

அவன் மெல்லக் கைகளை எடுத்துக்கொண்டான்.

பயிற்சி விமானத்தில் ஓட்டும் பிடி, பிரேக் எல்லாமே இரட்டை. மாணவன் கையில் ஒன்று, இவன் கையில் ஒன்று. ஆபத்து வந்தால் மட்டும்தான் இவன் தொட வேண்டும். எந்த மாணவனிடமும் அவசரப்பட்டதில்லை என்று அவனுக்குப் பெருமை வேறு. பெண்டாட்டி விஷயத்தில் அந்த நிதானம் எங்கே போனதோ.

இறங்கச் சொன்னாள். விடியற்காலையில் இன்னொரு தடவை சேர்ந்து ஓட்டலாமே என்று இழுத்தான். அவள் இடம் கொடுக்கவில்லை.

இறங்கினான்.

அவள் ஹெல்மெட்டின் வாரை இறுக்கினான். தளர்த்தினான். மறுபடி இறுக்கினான். பிறகு ஹெல்மெட்டின் மேல் இரண்டு தட்டுத் தட்டினான். முதல் தடவை தனியாகப் பறக்கப் போகும் பையன்களுக்கு அப்படித்தான் தட்டுவானாம்.

அவள் கைப்பிடியை முறுக்கினாள்.

பின்னால் யாரும் இல்லை. வண்டி லேசாகிவிட்டது. முப்பது. முப்பத்தைந்து. துப்பட்டா படபடத்தது. வயிற்றுக்குள் என்னவோ துள்ளியது. பயமா என்று பார்த்தாள்.

பயமில்லை. சந்தோஷம். தாங்க முடியாத சந்தோஷம்.

இதற்காகத்தானா இந்த மனுஷன் இத்தனை வருடம் விடிவதற்குள் எழுந்து ஓடினான்? ஒரு நாளாவது சொன்னானா, கள்ளன்.

முனை வந்தது. பிரேக்கைப் பிடித்தாள். அதிகமாகப் பிடித்துவிட்டாள். பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போனது. காலை ஊன்றினாள்.

விழவில்லை.

வாய்விட்டுச் சிரித்தாள். நறுமுகை எங்கேயும் போக வேண்டாம். திரும்பும்போது சொந்தக்காரி மாதிரி ஹாரனை வேறு அடித்துக்கொண்டாள்.

தூரத்தில் அவன் சின்னதாகத் தெரிந்தான். கையை ஆட்டுவான், குதிப்பான் என்று எதிர்பார்த்தாள்.

அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தான். தோள்கள் குலுங்கின.

கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் அவள் பார்த்திராத காட்சி.

வண்டிச் சத்தம் கேட்டு அவசரமாக எழுந்தான். பேன்ட் பையில் கைக்குட்டையைத் தேடினான். இந்தப் பையில் இல்லை, அந்தப் பையிலும் இல்லை. எல்லாவற்றையும் காலையிலேயே பெட்டியில் அடுக்கி வைத்தது அவள்தான். சட்டைக் கையால் முகத்தைத் துடைக்கத் தொடங்கினான்.

இன்னும் இருபது அடி.

நிறுத்தலாம். இப்போது அவளுக்கு நிறுத்தத் தெரியும்.

அவள் நேரே பார்த்தபடி, அவனைச் சுற்றி வளைத்துத் திரும்பி, இன்னொரு சுற்றுக்குப் போனாள்.