மூன்றாவது பெயர்

“பேர் சங்கிலியாம்! கேட்டியளே தம்பி? மலையக ஆள். வேண்டாம் எண்டு சொல்லுங்கோ.”

கமலாசனி, முன்னால் இருந்த சட்டத்தரணி ரஜிதனின் காதுக்குள் குசுகுசுத்தாள்.

கொலை வழக்கு. குளத்தடிச் சண்டையில் செத்தவர் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர். கூண்டில் நிற்பது கமலாசனியின் மகன் சஜீவன். தான் அந்த இடத்திலேயே இல்லை என்று முதல் நாளிலிருந்து சொல்கிறான். அதைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லப்போகும் ஏழு ஜூரிகளைத்தான் இப்போது தெரிவு செய்கிறார்கள்.

“ஊரைப் பாத்து ஒதுக்கிறது சரியில்லை அம்மா.”

“அவர் தன்ரை ஆக்களைத்தானே பாப்பார்? எனக்கு இருக்கிறது ஒரேயொரு பிள்ளை, தம்பி.”

காரணம் சொல்லாமல் இரண்டு பேரை மறுக்கலாம். ரஜிதன் தயங்கித் தயங்கி எழும்பினார்.

தோய்த்து மடித்த வெள்ளைச் சேட்டோடு வந்திருந்த சங்கிலி, ஒன்றும் விளங்காமல் எல்லாரையும் கும்பிட்டுவிட்டு வெளியே போனார். அடுத்து வந்த மாரிமுத்துவையும் அதே காரணத்துக்காக மறுத்தார்கள்.

மூன்றாவதாகச் சிவலட்சுமி. கிளிநொச்சியில் அரசாங்கக் கந்தோரில் எழுத்து வேலை. கண்ணாடி, பருத்திச் சேலை, நிதானமான பேச்சு.

கமலாசனிக்கு மூச்சு வந்தது. “இந்தப் பிள்ளை இருக்கட்டும்.”

நாலு நாள் விசாரணை. கண்ணால் கண்ட சாட்சியிடம் சிவலட்சுமி நீதிபதி மூலமாக ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

“முதுகுப் பக்கம் மட்டும் தெரிஞ்சது எண்டு சொல்லுறியள். பிறகு எப்பிடிச் சஜீவன்தான் எண்டு தெரியும்?”

சாட்சி தடுமாறினார்.

ஐந்தாம் நாள் ஜூரிகளின் தலைவியாக எழுந்து நின்றதும் அவள்தான். “குற்றவாளி இல்லை. ஏழு பேருக்கும் ஒரே முடிவு.”

வெளியே மரநிழலில் கமலாசனி ஓடிப்போய் அவளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

“எங்கடை ஆக்கள் எண்டா எங்கடை ஆக்கள்தான் பிள்ளை! உன்னைக் கண்ட உடனையே என்ரை மனம் சொல்லீட்டுது.”

சிவலட்சுமி கையை இழுக்கவில்லை.

“காலமை சாப்பிட்டனீங்களோ அம்மா?”

“எங்கை பிள்ளை, பச்சைத் தண்ணியும் இறங்கேல்லை.”

“மகனை வெளியிலை விட இன்னும் நேரமாகும். இதிலை இருந்து சாப்பிடுங்கோ.” பையிலிருந்து ஒரு பொதியை எடுத்து கமலாசனியின் கையில் வைத்தாள்.

“அம்மா சுட்ட ரொட்டி. கொஞ்சம் தடிப்பா இருக்கும், கோவிக்காதேங்கோ. அவா மலையகத்திலை, ஹற்றன் தேயிலைத் தோட்டத்திலை பிறந்து வளந்தவா.”