மணிக்கூண்டும் பேசும் பெட்டியும்

மணிக்கூண்டின் உச்சியில் வெயில் காய்ச்சிய தகரமாய்த் தகதகக்கிறது. மருமகள் செய்த பேசும் பெட்டி, சோப்புக்கட்டி அளவு, நகராட்சி அதிகாரியின் உள்ளங்கையில் இருக்கிறது. எந்தக் கட்டடத்தின் பக்கம் நீட்டுகிறோமோ அதன் கதையை அது சொல்ல வேண்டும். இன்று ஒழுங்காய்ச் சொன்னால்தான் ஊருக்கு வாங்குவார்கள். அதிகாரி மணிக்கூண்டின் பக்கம் நீட்டிப் பொத்தானை அமுக்குகிறார். பதிந்திருக்கும் மாமனார் குரல், ஏழு தெருவும் அதிரக் கிளம்புகிறது: "இது பழைய பாலம். உங்க காலடியில ஆறு ஓடுது." அதிகாரி காலடியைப் பார்க்கிறார். வெறும் கல் தளம். மருமகளுக்கு ஒன்றும் புரியவில்லை. வாங்கித் திருப்பினால் பெட்டியின் முதுகில் ஒரு காந்தம். "மாமா, இது என்ன?"

"தொலைஞ்சிடக் கூடாதேன்னு ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சேம்மா," என்கிறார் மாமனார், பெருமையாக. உள்ளே இருக்கும் திசைகாட்டி, பாவம், வடக்கு எது தெற்கு எது என்று தெரியாமல் கிறுகிறுத்துக் கிடக்கிறது. காந்தத்தைப் பிய்த்துக்கொண்டு, "சார், ஒரு சின்ன தப்பு..." என்று அவள் நிமிர்வதற்குள் அதிகாரி மண்டியிட்டுத் தரையில் காதை வைத்துவிட்டார். "இத்தனை வருஷமா இந்த வழியாத்தான் ஆபீஸ் போறேன். ஒருத்தரும் சொல்லலையே. லேசா சலசலன்னு கேக்குது."

"லேசாவா? அலையே அடிக்குது சார்," என்று மாமனாரும் படுத்துவிட்டார். பலூன்காரர் குனிகிறார். பாதி ஊர் குனிகிறது. காந்தத்தை இறுக்கிப் பிடித்தபடி நிற்கும் மருமகள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஒரு காதை மட்டும் மெல்லத் தாழ்த்துகிறாள்.