பெரிய பொம்மை

பக்கத்துக் காட்டு நாச்சிமுத்துவின் தக்காளிக்கு மானியத்தில் சொட்டுநீர் வந்தது. அதைப் பார்க்க அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். அப்புறம் அவன் ஒரு திருஷ்டி பொம்மை நட்டான். அது நாக்கைத் துருத்திக்கொண்டு கருப்பண்ணனின் காட்டையே முறைத்தது. 'என் கண்ணா கொள்ளிக்கண்ணு?' என்று கருப்பண்ணனுக்கு வயிறு எரிந்தது. சந்தைக்குப் போய் அதைவிடப் பெரிய பொம்மை வாங்கி வந்தான். ஒன்றும் விதைக்காத தன் காட்டைச் சுற்றிப் பச்சை வலை கட்டி, முன்னால் அதை நட்டான்.

நாச்சிமுத்து வரப்பில் நின்று எட்டிப் பார்த்தான். "ஏனுங்ணா, என்னங்க போட்டிருக்கீங்க?"

"மொளைக்கட்டும், சொல்றேன்."

நாச்சிமுத்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். கருப்பண்ணன் வலைக்குள் நுழைந்தான். சத்தம் அடுத்த காட்டுக்குக் கேட்கும்படி குடத்தை உயரத் தூக்கி, வெறும் பாத்திகளுக்குத் தண்ணீர் ஊற்றினான்.