தொட்டால் மறையும் மீன்கள்

தைப்பே பல் மருத்துவமனையின் மதிய வெளிச்சத்தில், கணினியின் ஸ்கிரீன் சேவரில் ஆறு மீன்கள் நீந்துகின்றன. பயந்த பிள்ளைகள் திரையைத் தொட்டால் மீனுக்கு இரை விழும். உதவியாளர் பெய்ச்சுன் தானே எழுதிய நிரல். நாற்காலியில் சாய்ந்திருக்கும் சிறுமி ஸின்யூ தொடுகிறாள். மீன்கள் மறைந்து, பாஸ்வேர்ட் கேட்கும் பெட்டி வந்து நிற்கிறது. "நான் கொன்னுட்டேனாக்கா?" "நீ இல்லடி கண்ணு. நேத்து வந்த அப்டேட். பாதுகாப்பாம்! ஸ்கிரீன் சேவரைத் தொட்டாலே பூட்டிக்குமாம். மீன் எதைத் திருடப் போகுது?" இயந்திரம் சொன்னபடி கேட்கட்டும் என்று ஊரே வழக்கமாகச் செய்வதுபோல் கணினியின் தலையில் படைத்து வைத்திருந்த பச்சைத் தின்பண்டப் பொட்டலத்தைப் பெய்ச்சுன் பிடுங்குகிறாள். "கம்பெனிக்காரன் பேச்சைத்தான் கேப்பேன்னா, உனக்கு எதுக்குடா என் படையல்?" பொட்டலத்தைக் கிழித்து, உள்ளே இருந்த சோளப்பொரியைத் திரைக்கு நேராக நின்று மொறுமொறுவென்று தின்கிறாள்.